கைக்குள்ள எத்தினை? ஸ்பூஃப் விளையாடுற ஆக்கள் இந்த வழக்கை ஒருக்காத் தீர்த்து வையுங்கோ

குளக்கட்டுப் பெடியன் (கிளிநொச்சி):

வணக்கம் உறவுகளே. விசயம் சின்னன்தான், ஆனா எங்கட செற்றுக்குள்ள ரெண்டு பேர் இப்ப முகம் பாத்துக் கதைக்கிறேல்ல, அதால கேக்கிறன்.

லண்டனில இருக்கிற மச்சான் ஓகஸ்ட் லீவுக்கு வந்து நிக்கிறார். சிறுபோக வெட்டு முடிஞ்சு கையில கொஞ்சம் காசு புழங்கிற நேரம், பின்னேரத்தில நாங்கள் ஏழு பேர் வழமையா தவறணைப் பக்கம், அதுதான் கள்ளுக்கடையடியில, கூடுறது. முந்தியெண்டா கடுதாசிக் கூட்டம்தான், 304 விளையாடுவம். இவர் வந்து ஸ்பூஃப் எண்டு ஒண்டைப் பழக்கிவிட்டார். ஆளுக்கு மூண்டு குத்தி, அதாவது சில்லறை நாணயம். கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் ஒண்டோ ரெண்டோ மூண்டோ, இல்லாட்டி ஒண்டுமே இல்லாமலோ பொத்திக்கொண்டு முன்னுக்கு நீட்டவேணும், பிறகு ஒவ்வொருத்தரா எல்லாற்ற கையிலயும் சேர்த்து மொத்தம் எத்தினை எண்டு சொல்லவேணும். சரியாச் சொன்ன ஆள் தப்பி வெளிய போயிடுவார். கடைசியா மிஞ்சுற ஆள்தான் எல்லாருக்கும் அந்தச் சுற்றுக்குக் காசு. இவ்வளவும் விளங்குது.

பிரச்சினை எங்க வந்ததெண்டா, சித்தப்பா ஒம்பது எண்டு சொல்லி அது சரியா வந்திட்டுது, மனுசன் எழும்பி சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ரெண்டு ஆட்டம் போட்டார், பாக்கப் பம்பலாத்தான் இருந்தது. மச்சான் சிரிக்காமல் "திரும்ப வந்து இருங்கோ சித்தப்பா, சந்தோசப்பட்டா தப்பினதா எடுக்கேலாது" எண்டிட்டார். அப்பிடி ஒரு ரூல் உலகத்தில இருக்கோ எண்டு கேட்டுக் கோவிச்சுக்கொண்டு போனவர்தான், பிறகு வரேல்ல. உண்மையா அப்பிடி ஒண்டு இருக்கோ, இல்லாட்டி மச்சான் விட்ட புழுகோ?

இன்னும் இருக்கு. ஒராள் சொன்ன நம்பரை இன்னொராள் சொல்லலாமோ? எங்கட ஆள் ஒருத்தன் எப்பவும் வெறுங்கைதான் நீட்டுவான், அது சரியோ? முதல் சொல்லுறது ஆர்? மற்றது, தோத்த பெடியன் கூலி வேலைக்குப் போறவன், ஏழு பேருக்கும் அவன்தான் குடுத்தவன், அடுத்த நாள் தொட்டு அவனும் வாறேல்ல. இதுக்கு என்ன செய்யிறது?


ஈஸ்ற்ஹாம்காரன்:

தம்பி, மச்சான் விட்டது புழுகில்லை. நான் இஞ்ச லண்டனில ஒரு பப்பில கன காலம் கிளாஸ் பொறுக்கி, பிறகு கவுண்டருக்குப் பின்னால நிண்டு வேலை செய்தனான், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மேசையில எண்டாலும் இது நடக்கும். சந்தோசத்தைக் காட்டக்கூடாது எண்டது அங்க முக்கியமான ஒழுங்கு. சரியாச் சொன்ன ஆள் வாயைத் திறக்காமல், முகத்தில ஒரு மாற்றமும் இல்லாமல், குத்தியைப் பொக்கெற்றுக்குள்ள போட்டிட்டுப் பின்னுக்குச் சரிஞ்சு இருக்கவேணும். சிரிச்சா, மேசையில தட்டினா, "அப்பாடா" எண்டு மூச்சு விட்டாக்கூட சில மேசையில திரும்ப இழுத்து விடுவினம். எல்லா இடத்திலயும் இவ்வளவு இறுக்கம் எண்டில்லை, ஆனா வடிவா விளையாடத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிற மேசையில இது இருக்கும்.

இதை விளங்கவேணுமெண்டா இஞ்சத்தை றவுண்ட் பழக்கத்தை முதல் தெரியவேணும். பப்பில மேசையில இருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டினம், நீங்களே எழும்பிக் கவுண்டருக்குப் போய், காசை அப்பவே குடுத்து, கிளாசுகளைத் தூக்கிக்கொண்டு வரவேணும். ஆறு பேர் வந்தா ஒராள் ஆறு பேருக்கும் வாங்குவார், அடுத்த முறை மற்றவர். தன்ர முறை வரேக்க நைசா ரொய்லெற்றுக்குப் போற ஆளை ஒருத்தரும் மறக்க மாட்டினம். லண்டனில இப்ப பைன்ற் ஒண்டு, அதாவது 568 மில்லிலீற்றர், 6 பவுணுக்குக் கிட்டவோ மேலயோ போகுது, ஆறு பேருக்கு எண்டா கணக்குப் பாருங்கோ. அந்தச் செலவை ஆர் தலையில போடுறது எண்டு தீர்மானிக்கத்தான் ஸ்பூஃப். அப்ப நீ தப்பினது எண்டா இன்னொருத்தன் மாட்டப்போறான் எண்டு அர்த்தம், அதுக்கு முன்னால நிண்டு ஆடினா வடிவில்லைத்தானே.

உங்கட மற்றக் கேள்வியளுக்கு: ஒராள் சொன்ன நம்பரை மற்றாள் சொல்லேலாது, அது அடிப்படை ரூல், அது இல்லாட்டி விளையாட்டே இல்லை. சொன்ன நம்பரை மாத்தவும் ஏலாது, வாயில வந்தது வந்ததுதான். முதல் சொல்லுற முறை ஒவ்வொரு தடவையும் மணிக்கூடு சுத்துற பக்கம் அடுத்த ஆளுக்குப் போகும், ஒருத்தரும் சரியாச் சொல்லாட்டிலும் போகும். எல்லாரும் சொல்லி முடியிற வரைக்கும் ஒருத்தரும் கையை விரிக்கப்படாது. வெளிய போன ஆள் சும்மா இருக்கவேணும், மற்றவைக்குக் காதுக்குள்ள சொல்லிக் குடுக்கிறது, கண்ணைக் காட்டுறது எல்லாம் சரியான கேவலம்.

வெறுங்கை நீட்டலாம், அதில பிழை இல்லை. சில மேசையில முதல் சுற்றில மட்டும் வெறுங்கை கூடாது எண்டு வைப்பினம், அது அந்தந்த மேசையின்ர வழக்கம். மொத்தமே சைபர் எண்டு சொல்ல நினைச்சா "ஸ்பூஃப்" எண்டு சொல்லுவினம். ஏழு பேரில ஒருத்தன் அப்பிடிச் சொல்லி எல்லாற்ற கையும் வெறுமையா விரிஞ்சா அந்த ஆளுக்கு நானே ஒரு பைன்ற் வாங்கிக் குடுப்பன்.


முறிகண்டிக் கச்சான்:

சித்தப்பா செய்தது சரி. சாரம் கட்டின மனுசனை ஆடவேண்டாம் எண்டு சொல்ல லண்டன்காரருக்கு என்ன உரிமை 😄

பகிடி விட்டிட்டு, நாங்களும் இதை விளையாடினாங்கள், குத்திக்குப் பதிலா கச்சான் பருப்பு வச்சு. அதில ஒரு கரைச்சல், கையைப் பின்னுக்குக் கொண்டு போகேக்க ஒருத்தன் தன்ர மூண்டையும் வாயில போட்டிடுவான், பிறகு எந்தச் சுற்றிலயும் வெறுங்கைதான். "உனக்கு எங்க மூண்டு?" எண்டு கேட்டா மென்றுகொண்டே முழிப்பான். கச்சான் மட்டும் வேண்டாம்.


விசுவமடு வாத்தி:

எப்பவும் வெறுங்கை நீட்டுற தம்பியைப் பற்றி ஒண்டும் யோசிக்காதேங்கோ, அவர் உங்களுக்கெல்லாம் உபகாரம் செய்யிறார். அவற்ற கை சைபர் எண்டு தெரிஞ்சா, உங்களையும் விட்டா மிச்ச அஞ்சு பேற்ற கையைத்தானே நீங்கள் மதிக்கவேணும்.

இது முழுக்க அதிஷ்டம் எண்டு கன பேர் நினைக்கினம். கொஞ்சம் கணக்கு இருக்கு, சொல்லுறன் கேளுங்கோ. ஒராளின்ர கையில 0, 1, 2, 3 நாலுக்கும் ஒரே வாய்ப்பு எண்டு வச்சா சராசரி ஒண்டரை. ஏழு பேர் இருந்தா மற்ற ஆறு பேற்ற கையில சுமார் ஒம்பது இருக்கும், அதோட உங்கட கையில இருக்கிறதைக் கூட்டிச் சொல்லுங்கோ, அதுதான் நல்ல ஊகம். சித்தப்பா ஒம்பது சொன்னவர் எண்டா அநேகமா அவற்ற கை வெறுமையா இருந்திருக்கும், மனுசன் ஆடத் தெரிஞ்ச மாதிரி கணக்கும் தெரிஞ்சவர்.

ஆக்கள் குறையக் குறையத்தான் சுவை கூடும். மூண்டு பேர் மிஞ்சி நிக்கேக்க மற்ற ரெண்டு பேற்ற கையும் சேர்ந்து 16 விதமா அமையலாம், அதில மொத்தம் 3 வாறது நாலு விதம், 2ம் 4ம் மூண்டு மூண்டு விதம், 1ம் 5ம் ரெண்டு ரெண்டு, 0வும் 6ம் ஒவ்வொண்டு. அப்ப உங்கட கையோட மூண்டைக் கூட்டிச் சொன்னா நாலில ஒரு பங்கு வாய்ப்பு. ஆனா ஒவ்வொரு முறையும் அப்பிடியே சொன்னா, நீங்கள் ஆறு எண்டு சொன்ன உடனே உங்கட கையில மூண்டு எண்டு மற்ற ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும். முதல் சொல்லுறவர் கஷ்டப்படுறது இதாலதான், அவற்ற வாயே அவரைக் காட்டிக் குடுத்திடும். நாலு பேரில முதல் ஆள் 11 எண்டு சொல்லுறார் எண்டு வையுங்கோ, மற்ற மூண்டு பேரிட்ட கூடினது ஒம்பது, அப்ப பொய் சொல்லாட்டி அவரிட்ட ஆகக்குறைஞ்சது ரெண்டு இருக்கவேணும். கடைசியாச் சொல்லுறவருக்கு இப்பிடி எல்லாம் கேட்டு வைக்கிற வசதி, ஆனா நல்ல நம்பரை முன்னால இருந்தவை பிடிச்சிருப்பினம்.

பொய் சொல்லலாமோ எண்டதில தான் மேசைக்கு மேசை சண்டை. மூண்டு பேர் விளையாடேக்க வெறுங்கையோட இருந்துகொண்டு ஏழு எண்டு சொன்னா, அது நடக்கவே ஏலாத நம்பர், மற்ற ரெண்டு பேரிட்டையும் ஆறுக்கு மேல இல்லை. தான் வெல்லமாட்டன் எண்டு தெரிஞ்சும் மற்றவையைக் குழப்ப எண்டே சொல்லுறது. சில ஆக்கள் இதைக் கெட்டித்தனம் எண்டுவினம், சிலர் இப்பிடிச் சொன்னாத் தண்டம் போடுவினம். என்னைக் கேட்டா நடக்கக்கூடிய நம்பராச் சொல்லுறதுதான் மரியாதை, ஆனா எதுவெண்டாலும் முதலே பேசி வச்சிட்டுத் தொடங்குங்கோ, நடுவில தொடங்கினா அடிபாடுதான்.

கடைசி ரெண்டு பேருக்கு ஒரு சூத்திரம். நீங்கள் முதல் சொல்லவேண்டி வந்தா, கையில எத்தினை எண்டு ஒரு ஒழுங்கில்லாமல் மாத்தி மாத்தி வச்சுக்கொண்டு, எப்பவும் "மூண்டு" எண்டே சொல்லுங்கோ. மொத்தம் மூண்டு எண்டது உங்கட கையில 0, 1, 2, 3 எது இருந்தாலும் வரலாம், அதால எதிராளுக்கு ஒரு துப்பும் கிடையாது. உங்களுக்கும் நாலில ஒண்டு, அவருக்கும் நாலில ஒண்டு, மிச்சம் பாதி நேரம் ரெண்டு பேருக்கும் பிழைக்கும், திரும்ப விளையாடுறது.


அடுப்படி அக்கா (புதுக்குடியிருப்பு):

நான் தவறணைப் பக்கம் போறேல்ல, ஆனா இந்த விளையாட்டைப் பாத்தா எங்கட ஒற்றையா இரட்டையாவின்ர அண்ணன் மாதிரிக் கிடக்கு. சின்னனில அம்மம்மாவோட புளியங்கொட்டை வச்சு விளையாடினது, கைக்குள்ள பொத்திக்கொண்டு ஒற்றையோ இரட்டையோ எண்டு கேக்கிறது, சரியாச் சொன்னாக் கொட்டை முழுக்க அவைக்கு. அதிலயும் வெண்டிட்டுத் துள்ளினா அம்மம்மா "காணும் காணும், இரு" எண்டுவா.

புளியங்கொட்டை எண்டு சும்மா சொல்லேல்ல. குத்தி எண்டா கைக்குள்ள சத்தம் கேக்கும், காது கூர்மையான ஆளுக்கு ஒண்டோ மூண்டோ எண்டு விளங்கிடும். பத்து ரூபாக் குத்திக்கு 11 மூலை இருக்கு, பெரிசு, மூண்டைப் பொத்தினா கை பூரிச்சுப்போய் நிக்கும், வெறுங்கை எண்டா முட்டி வேற மாதிரி ஒடுங்கும். எங்கட வீட்டு ஆம்பிளையளுக்கு சாரத்தில பொக்கெற்றும் இல்லை, குத்தியை மடியில முடிஞ்சு வச்சுக்கொண்டு ஒவ்வொருக்காவும் அவிட்டு எடுக்கேக்கயே எத்தினை எடுக்கினம் எண்டு பக்கத்தில இருக்கிறவன் பாத்திடுவான். புளியங்கொட்டை சத்தம் போடாது, பொத்தினா வெளிய தெரியாது.

எங்கட வீட்டில இப்ப பிள்ளையளோட இதை விளையாடத் தொடங்கியிருக்கிறன், தோக்கிற ஆள் பின்னேரம் ரீக் கோப்பை கழுவவேணும். மனுசன்தான் அடிக்கடி கழுவுறார்.


குளக்கட்டுப் பெடியன் (கிளிநொச்சி):

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன சத்த விசயம் உண்மைதான், எங்களுக்குள்ள ஒராள் அடிக்கடி தப்பிறவர், அவர் எப்பவும் பக்கத்தில இருக்கிறவற்ற கைக்குக் கிட்டத்தான் காதை வச்சிருப்பார், இப்பதான் ஏனெண்டு விளங்குது. வாத்தியாரின்ர மூண்டு மூண்டு எண்டு சொல்லுற சூத்திரத்தை மச்சானுக்குக் காட்டினன், மனுசன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு "அதை ஏன் அங்க சொன்னவை" எண்டார், அவருக்கு முதலே தெரியும் போல.

காசு குடுத்த பெடியன்ர விசயத்துக்குத்தான் இன்னும் ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல.


பலேர்மோ தம்பி:

இடையில ஒரு சின்ன விசயம். இஞ்ச இத்தாலியில மொறா எண்டு ஒண்டு இருக்கு, கையில ஒண்டும் இல்லை, ரெண்டு பேர் ஒரே நேரத்தில விரலை நீட்டிக்கொண்டு மொத்தம் எத்தினை எண்டு கத்துவினம். ரோமர் காலத்து விளையாட்டு. அந்தக் காலத்து ரோம எழுத்தாளர் சிசரோ ஒரு பழமொழியை எழுதி வச்சிருக்கிறார், ஒராள் நேர்மையானவர் எண்டு சொல்ல, இருட்டில கூட அவரோட விரல் விளையாடலாம் எண்டு சொல்லுறதாம். பந்தயம் கட்டிச் சண்டை வாறதால பாருக்குள்ள விளையாடக்கூடாத விளையாட்டுகள் பட்டியலில இதையும் இஞ்ச போட்டு வச்சவை. உங்கட ஸ்பூஃப் மாதிரி அப்பிடியே மூண்டு நாணயத்தோட ஸ்பெயினில லொஸ் சீனோஸ் எண்டு விளையாடுவினம், பிரேசிலில பொர்ரிஞ்ஞா, அங்க நெருப்புக்குச்சியும் பாவிப்பினம். எல்லா இடத்திலயும் கடைசியில ஒருத்தன் காசு குடுக்கிறான் 😂


ஒட்டுசுட்டான் அண்ணை:

தம்பி, நான் இவ்வளவும் வாசிச்சிட்டுத்தான் எழுதுறன். பெடியன்ர விசயம்தான் இதில முக்கியம், மற்றது எல்லாம் பம்பல்.

லண்டன் பப் மேசையில இருக்கிற ஆறு பேரும் மாசச் சம்பளக்காரர், இண்டைக்கு நான் வாங்கினா நாளைக்கு நீ வாங்குவாய் எண்டு கணக்கு எப்பிடியோ நேராகிடும். எங்கட மேசையில ஒருத்தர் லண்டனில இருந்து வந்தவர், ஒருத்தர் ரெண்டு ஏக்கர் வயல்காரன், ஒருத்தன் அண்டண்டு கூலிக்குப் போறவன். ஏழு போத்தல் கள்ளுக்கு மேல பைற்ஸ், பொரிச்ச மீன் எல்லாம் சேர்த்தா அவனுக்கு ஒரு நாள் கூலி போயிடும். அவன் அண்டைக்கு வாயே திறக்காமல் குடுத்தவன் எண்டா, உங்கட மச்சான் சொல்லுற ஒழுங்கை வடிவாக் காப்பாத்தினது அவன் ஒருத்தன்தான். தோத்தவன் முணுமுணுக்காமல் உடன குடுக்கவேணும் எண்டதும் அதில ஒரு ரூல்தானே, ஈஸ்ற்ஹாம் தம்பி அதைச் சொல்ல விட்டிட்டார்.

அதால என்ன செய்யிறதெண்டா, தோத்தா என்ன எண்டதை இருக்க முதல் தீர்மானியுங்கோ, ஆகக்குறைஞ்ச காசுக்காரனுக்குத் தாங்கக்கூடிய அளவில. எங்கட பக்கம் நாங்கள் தோக்கிறவன் எல்லாருக்கும் ஒரு கச்சான் சரை வாங்குறது எண்டு வச்சிருக்கிறம், கள்ளு அவரவர் காசு. விளையாட்டில சேராதவனுக்கு வாங்கிக் குடுக்கத் தேவையில்லை, நடுவில வந்து இருக்கிறவனையும் அந்தச் சுற்றில சேர்க்கிறேல்ல. குடிக்காத ஆளும் சேரலாம், அவருக்கு சோடா. முதல்லயே "எனக்கு வேண்டாம், நான் பாக்கிறன்" எண்டு சொல்லுறவனைக் கட்டாயப்படுத்தப்படாது, பயந்தவன் எண்டு பட்டம் வைக்கவும் கூடாது. அப்பிடிச் சொல்லுறவன் பெரும்பாலும் பொக்கெற்றைப் பாத்துத்தான் சொல்லுறான்.

காசை மேசையில வச்சு விளையாடாதேங்கோ, அதையும் சொல்லோணும். சூதாட்டத்துக்கு இஞ்ச சட்டம் இருக்கு, பொதுசனம் வந்து போற இடத்தில பந்தயம் எண்டு பொலிஸ் பிடிச்சா, கையில இருக்கிறது புளியங்கொட்டை எண்டு நீங்கள் விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கவேணும். போயாவுக்கு எப்பிடியும் தவறணை பூட்டு, அண்டைக்கு ரீக்கடையில இருந்து விளையாடிப் பாருங்கோ, வெறியில்லாமல் விளையாடினா ஆர் உண்மையாக் கெட்டிக்காரன் எண்டு தெரியும்.

சித்தப்பாவுக்கு: அவர் பெரிய ஆள், ரூலை முதலே சொல்லாமல் பிறகு திரும்ப இருத்தினது மச்சான்ர பிழை. மச்சானே வீட்டுக்குப் போய்க் கூப்பிடவேணும், பெடியளை அனுப்பப்படாது.


ஈஸ்ற்ஹாம்காரன்:

அண்ணை சொன்னது சரி, உடன குடுக்கிறது எண்டதை எழுத விட்டுப்போச்சு. குடுக்கிறது மட்டுமில்லை, தோத்தவர்தான் போய்த் தூக்கிக்கொண்டும் வரவேணும். ஆனா ரெண்டாவது முறை போகேக்க வெண்டவை ரெண்டு பேர் தானா எழும்பிக் கிளாஸ் தூக்க உதவுவினம், அதை ஒருத்தரும் ரூல் எண்டு எழுதி வைக்கேல்ல, எழும்பாத ஆளைத்தான் பாப்பினம்.


முறிகண்டிக் கச்சான்:

ஒரு சந்தேகம். ஒருத்தன் கையை விரிக்கேக்க நாலு குத்தி இருந்தா என்ன செய்யிறது? நடந்தது, அதுதான் கேக்கிறன்.


விசுவமடு வாத்தி:

அந்தச் சுற்று செல்லாது, அவன்தான் எல்லாருக்கும் வாங்கவேணும். அதுக்குத்தான் தொடங்க முதல் ஆளுக்கு மூண்டு எண்டு மேசையில எண்ணி வச்சிட்டு, மிச்சச் சில்லறை எல்லாத்தையும் ஒரு சிரட்டைக்குள்ள போட்டு நடுவில வைக்கச் சொல்லுறது. சாரக்காரர் மடியையும் அவிட்டுக் காட்டவேணும், கவனமா.